ஸ்டெய்னிட்ஸ்: தாக்குவதற்கு முன் காரணம் கேட்டவர்

என்னிடம் வந்த கேள்வி இது: "அமெரிக்க செஸ் மேதை மார்ஃபி பாதியிலேயே விலகிவிட்டார், ஜெர்மனியின் ஆண்டர்சனுக்கு வயதாகிவிட்டது. அந்த இடைவெளியில் வந்ததால்தானே வில்ஹெல்ம் ஸ்டெய்னிட்ஸ் முதல் உலகச் சாம்பியன் ஆனார்? அவருடைய ஆட்டங்களைப் பலகையில் போட்டுப் பார்த்தால் ராஜா நடுவில் நிற்கிறது, காய்கள் பின்வரிசையில் அடைந்து கிடக்கின்றன. இவரை ஏன் இவ்வளவு பெரியவராகச் சொல்கிறார்கள்?"

நியாயமான கேள்விதான். அந்த ஆட்டங்கள் பார்க்க விநோதமாக இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இடைவெளியில் வந்து உட்கார்ந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 1862 முதல் 1894 வரை, 32 வருஷம், நேருக்கு நேர் ஆடிய முக்கியமான மேட்ச் எதிலும் அவர் தோற்கவில்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெயர் பெற்றிருந்த பலரோடு உட்கார்ந்து ஆடியவர். என்னைக் கேட்டால், அதுகூட அவருடைய பெரிய சாதனை இல்லை. ஒரு பாணியில் ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தவர், அந்தப் பாணியையே சந்தேகப்பட்டார். அதை விட்டு வெளியே வந்தார். ஏன் வந்தேன் என்பதை எழுத்தில் விளக்கவும் செய்தார். இன்று நாம் செஸ் கற்றுக்கொள்ளும் விதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1836 மே மாதம் பிராக் நகரத்தின் யூதக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா தையல்காரர். பிள்ளைகள் நிறைந்த ஏழை வீடு. இவர் கடைக்குட்டிகளில் ஒருவர். சின்ன வயதில் யூதர்களின் சமய நூலான தால்முத்தைப் படித்தார், 12 வயதில் செஸ் கற்றுக்கொண்டார். இருபதைத் தாண்டியதும் வியன்னா பாலிடெக்னிக்கில் கணிதம் படிக்கப் போனார். படிப்பு முடியவில்லை. வியன்னாவின் காபிக் கடைகளில் பணம் வைத்து செஸ் ஆடுவது வழக்கம், கையில் காசில்லாத மாணவனுக்கு அது ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. 1859-இல் வியன்னா நகரப் போட்டியில் மூன்றாமிடம். 1861-இல் அதே போட்டியில் 31 ஆட்டங்களில் 30 புள்ளி எடுத்து முதலிடம். 'ஆஸ்திரியாவின் மார்ஃபி' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. பிற்காலத்து ஸ்டெய்னிட்ஸை மட்டும் தெரிந்தவர்கள் அவரை ஏதோ மந்தமாக ஆடுகிறவர் என்று நினைக்கிறார்கள். இளம் வயதில் அவர் ஆடியதெல்லாம் கிங்ஸ் கேம்பிட், எவன்ஸ் கேம்பிட் மாதிரி தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கும் திறப்புகள், காய்ப்பலி, நேரே ராஜாவை நோக்கிப் பாய்ச்சல். 1862-இல் லண்டன் சர்வதேசப் போட்டிக்கு வியன்னாவிலிருந்து அவரை அனுப்பினார்கள். ஆறாமிடம்தான் கிடைத்தது, ஆனால் மோங்ரெடியனை வீழ்த்திய ஆட்டத்துக்கு, போட்டியின் மிக அழகான ஆட்டம் என்ற பரிசு கிடைத்தது. போட்டி முடிந்த கையோடு இத்தாலியரான டுபுவாவை மேட்சுக்கு அழைத்து ஜெயித்தார். அப்புறம் ஊர் திரும்பவில்லை, இருபது வருஷத்துக்கு மேல் லண்டன்தான் வீடு.

அன்றைக்கு செஸ் எப்படி ஆடப்பட்டது என்பது தெரியாவிட்டால் இவர் செய்த காரியத்தின் அளவு புரியாது. எதிராளி ஒரு சிப்பாயைப் பலி கொடுத்தால் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் விடுவது கோழைத்தனம். தாக்குகிறவன் கலைஞன், தடுக்கிறவன் அவனுக்கு மேடை அமைத்துக் கொடுப்பவன். 1851-இல் லண்டனில் ஆண்டர்சன் ஆடிய 'அழியாத ஆட்டம்' இதற்கு உச்சம்: இரண்டு யானை, ஒரு பிஷப், கடைசியில் ராணி என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த சின்னக் காய்களை வைத்து மேட் செய்தார். அந்த ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மாதிரி வெற்றிகளில் பாதிக்கு மேல், எதிராளி நன்றாகத் தடுக்காததால் வந்தவை. தடுப்பது எப்படி என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்கவில்லை.

1866-இல் அந்த ஆண்டர்சனோடுதான் ஸ்டெய்னிட்ஸ் மேட்ச் ஆடினார். 1858 டிசம்பரில் பாரிஸில் மார்ஃபி ஆண்டர்சனை 7-2 என்று வென்றிருந்தார் (இரண்டு டிரா வேறு). அதன்பிறகு மார்ஃபி போட்டி செஸ்ஸை விட்டே விலகிவிட, 1862 லண்டன் போட்டியிலும் முதலிடம் பிடித்த ஆண்டர்சன்தான் ஆடிக்கொண்டிருப்பவர்களில் முதல்வர் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மேட்ச் 6-6 வரை வந்தது. கடைசி இரண்டு ஆட்டத்தையும் ஸ்டெய்னிட்ஸ் வென்று 8-6 என்று முடித்தார். 14 ஆட்டத்தில் ஒன்றுகூட டிரா இல்லை என்பதிலிருந்தே இருவரும் எந்த மாதிரி ஆடினார்கள் என்று தெரியும். 30 வயதில் உலகத்தின் முதல் ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி வந்துவிட்டது.

ஆனால் பெரிய போட்டிகளில் முதலிடம் வரவில்லை. 1867-இல் பாரிஸில் மூன்றாமிடம், அதே வருஷம் டண்டீயில் இரண்டாமிடம், 1870-இல் பாடன்-பாடனில் ஆண்டர்சனுக்குப் பின்னால் இரண்டாமிடம். மற்ற எவராக இருந்தாலும் இதற்குக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள், இவை நல்ல இடங்கள்தான். இவர் கவலைப்பட்டார். தன் தாக்குதல்கள் சில சமயம் ஏன் பலிக்கின்றன, சில சமயம் ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 'அன்றைக்கு மனசு சரியில்லை', 'எதிராளி நன்றாக ஆடினான்' என்ற பதில்கள் அவருக்குப் போதவில்லை.

அவர் கண்டுபிடித்த பதிலை இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆட்டம் தொடங்கும்போது இரு பக்கமும் சமம். இருவரும் சரியாக ஆடும்வரை அந்தச் சமநிலை நீடிக்கும். சமநிலையில் இருக்கும்போது எவ்வளவு பெரிய மேதை தாக்கினாலும், சரியான தடுப்பு அந்தத் தாக்குதலை முறியடித்துவிடும். எதிராளி எங்கோ ஒரு பிழை செய்து சமநிலை கலைந்த பிறகுதான் தாக்குதலுக்கு உரிமை பிறக்கிறது. தாக்குதல் ஆட்டக்காரனின் துணிச்சலிலிருந்து வருவதில்லை, பலகையில் இருக்கும் நிலையிலிருந்து வருகிறது.

சரி, பெரிய பிழையை எதிராளி செய்யவே இல்லையென்றால்? இங்கேதான் அவருடைய உண்மையான புதுமை. ஒரே அடியில் வராத மேன்மையைச் சிறுவாடு சேர்ப்பதுபோலச் சேர்க்கலாம் என்றார். எதிராளியின் சிப்பாய் ஒன்று துணையில்லாமல் தனித்து நிற்கிறதா, அது ஒரு துளி. சிப்பாய் முன்னே போய்விட்டதால் பின்னால் ஒரு கட்டம் காவலில்லாமல் ஓட்டையாகிவிட்டதா, அது ஒரு துளி. நம்மிடம் இரண்டு பிஷப்பும் இருக்க அவரிடம் ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும் இருக்கின்றனவா, அதுவும் ஒரு துளி. சிப்பாய்கள் பின்னோக்கி நகர முடியாதவை என்பதால் அவற்றால் உண்டாகும் பலவீனம் நிரந்தரமானது. காய் முன்னணியில் நிற்பது, ஒரு நகர்வு முந்தியிருப்பது போன்ற மேன்மைகள் சில நகர்வுகளில் கரைந்துபோகும். எது நிலைக்கும், எது கரையும் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னது அவர்தான்.

இந்தக் கொள்கையில் பலர் மறந்துவிடும் ஒரு பாதி உண்டு. மேன்மை இருப்பவன் தாக்கலாம் என்று மட்டும் ஸ்டெய்னிட்ஸ் சொல்லவில்லை, தாக்கியே ஆகவேண்டும் என்றார். இல்லாவிட்டால் அந்த மேன்மை கையைவிட்டுப் போய்விடும். அதேபோல, தடுப்பவன் எவ்வளவு குறைவாக விட்டுக்கொடுக்க முடியுமோ அவ்வளவு மட்டும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். பயந்துபோய் முன்கூட்டியே சிப்பாய்களை நகர்த்திப் புதுப் பலவீனங்களை உண்டாக்கக் கூடாது. அவர் ஆட்டங்களில் காய்கள் பின்வரிசையில் அடைந்து கிடப்பதாகத் தெரிவது இதனால்தான். அசிங்கமாகத் தெரிகிறதே என்பதற்காக ஒரு நல்ல தடுப்பை அவர் விட்டதில்லை.

1872-இல் லண்டன் போட்டியில் முதலிடம். 1873 வியன்னா போட்டியில் இந்தப் புது முறை முழுசாக வெளியே தெரிந்தது. அங்கே பிளாக்பர்னோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, பிறகு நடந்த தீர்மான ஆட்டங்களில் 2-0 என்று வென்றார். தீர்மான ஆட்டங்களையும் சேர்த்துக் கடைசி 16 ஆட்டங்களும் தொடர்ச்சியாக வெற்றி. அந்தப் போட்டியில் ரோசந்தாலுக்கு எதிராகக் கருப்புக் காய்களில் ஆடிய ஆட்டத்தைத்தான் நான் எப்போதும் முதலில் காட்டுவேன். இரண்டு பிஷப்பை வைத்துக்கொண்டு, எதிராளியின் குதிரை ஊன்றி நிற்கக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் தன் சிப்பாய்களால் பறித்துக்கொண்டே போகிறார். குதிரைக்கு நல்ல இடமே இல்லாமல் போகிறது. ஒரு பளபளப்பான நகர்வுகூட இல்லாமல் எதிராளி மூச்சு முட்டித் தோற்கிறார். இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இது. 1873-இல் பார்த்தவர்கள் பலர் இதைக் கோழை ஆட்டம் என்றார்கள்.

அதே வருஷம் லண்டனின் 'தி ஃபீல்ட்' பத்திரிகையில் செஸ் பகுதியை எழுத ஆரம்பித்தார். 1882 வரை எழுதினார். அதுவரை பத்திரிகைகளில் ஆட்டங்களுக்கு எழுதிய குறிப்பு என்றால் 'அருமை', 'இது பலவீனம்' என்ற அளவுதான் பெரும்பாலும். ஸ்டெய்னிட்ஸ் ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் கேட்டார், மாற்று வழிகளை ஆடிக்காட்டினார், ஜெயித்தவர் செய்த தவறையும் சுட்டிக்காட்டினார். தால்முத்தில் ஒரு வரிக்குப் பல பக்கம் விவாதம் போகும். சின்ன வயதில் அதைப் படித்த பயிற்சி இந்தக் குறிப்புகளில் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

இந்த ஒன்பது வருஷத்தில் பலகையில் அவர் ஆடியது குறைவு. ஆடிய ஒரு பெரிய மேட்ச் 1876-இல் பிளாக்பர்னுக்கு எதிராக. பிளாக்பர்ன் அன்றைக்கு உலகத்தின் முன்வரிசை ஆட்டக்காரர், கண்ணைக் கட்டிக்கொண்டு பலபேரோடு ஒரே நேரத்தில் ஆடுவதில் புகழ்பெற்றவர். ஸ்டெய்னிட்ஸ் 7-0 என்று முடித்தார், ஒரு டிராகூடக் கொடுக்கவில்லை. வியன்னா 1873-இன் 16, இந்த 7, பிறகு 1882 வியன்னாவில் முதல் 2 என்று மொத்தம் 25 ஆட்டங்கள் வரிசையாக வென்றார். ஒன்பது வருஷம் போட்டிப் பக்கமே போகாதவர் அந்த 1882 போட்டியிலும் வினாவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இடைவெளியில் வந்தவர் என்ற வாதம் எனக்கு நிற்காமல் போவது இங்கேதான்.

இனி சுக்கர்டோர்ட். போலந்தில் பிறந்தவர், ஆண்டர்சனோடு பழகி வளர்ந்தவர், பல மொழி அறிந்தவர், ஸ்டெய்னிட்ஸைவிட ஆறு வயது இளையவர். 1872-இல் இருவரும் மோதியபோது ஸ்டெய்னிட்ஸ் 7-1 என்று வென்றிருந்தார், நான்கு டிரா. அதன்பிறகு சுக்கர்டோர்ட் வேகமாக வளர்ந்தார். 1883 லண்டன் போட்டியில் 26 ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்து முதலிடம். இரண்டாமிடம் வந்த ஸ்டெய்னிட்ஸுக்கு 19. மூன்று புள்ளி வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை. இதற்குள் பகையும் முற்றியிருந்தது. 'தி ஃபீல்ட்' வேலை ஸ்டெய்னிட்ஸின் கையைவிட்டுப் போய் சுக்கர்டோர்ட்டிடமும் அவருடைய கூட்டாளி ஹோஃபரிடமும் போயிற்று. அவர்கள் நடத்திய 'செஸ் மன்த்லி'யில் ஸ்டெய்னிட்ஸின் விளக்கங்களைத் தாக்கி எழுதினார்கள், அவரும் விடவில்லை. இந்தச் சண்டையைத்தான் 'மைப் போர்' என்கிறார்கள்.

இதில் ஸ்டெய்னிட்ஸுக்கு வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை. சண்டை பிடிக்கும் சுபாவம் அவருக்கு உண்டு. கடுமையான சொற்களை அச்சில் போடத் தயங்காதவர். ஆனால் சண்டையின் அடியில் இருந்தது வெறும் பொறாமை இல்லை. செஸ்ஸில் ஒரு நகர்வு சரியா தவறா என்பதைக் காரணம் சொல்லித் தீர்மானிக்க முடியும் என்று அவர் உறுதியாக நம்பினார். அதை மறுக்கும் ஒவ்வொருவரோடும் அச்சிலும் பலகையிலும் மோதினார். 1883-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயார்க்கில் தங்கினார். 1885 முதல் 1891 வரை 'இன்டர்நேஷனல் செஸ் மேகசின்' என்ற சொந்தப் பத்திரிகையை நடத்தி அங்கிருந்தும் எழுதினார்.

கடைசியில் பலகையில் தீர்த்துக்கொள்வது என்று ஆயிற்று. 1886 ஜனவரி 11-ஆம் தேதி நியூயார்க்கில் மேட்ச் தொடங்கியது. ஆளுக்கு 2000 டாலர் பந்தயம். டிராவைக் கணக்கில் சேர்க்காமல் முதலில் 10 வெற்றி எடுப்பவர் ஜெயித்தவர். 'உலகச் சாம்பியன் பட்டத்துக்காக' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள். முதல் ஆட்டம் ஸ்டெய்னிட்ஸுக்கு. அடுத்த நான்கும் வரிசையாக சுக்கர்டோர்ட்டுக்கு. நியூயார்க் பகுதி முடிந்தபோது நிலவரம் 4-1. ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர், எழுத்தில் உலகத்துக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோற்றிருக்கிறார். அந்த இடத்தில் பெரும்பாலோர் தங்கள் முறையையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் மாற்றவில்லை.

மேட்ச் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனது. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களை ஸ்டெய்னிட்ஸ் வென்றார், எட்டாவது டிரா, ஒன்பதாவதையும் வென்று 4-4 ஆக்கினார். அந்த ஒன்பதாவது ஆட்டம் பாடப்புத்தகத்துக்கு உரியது. சுக்கர்டோர்ட்டின் நடுப்பகுதியில் இரண்டு சிப்பாய்கள் பக்கத்துணை இல்லாமல் சேர்ந்து நிற்கின்றன. அவை முன்னேறினால் பலம், நின்றுவிட்டால் சுமை. ஸ்டெய்னிட்ஸ் அவற்றை நகர விடாமல் முன்னால் காயை வைத்து அடைத்துவிட்டு, பின்னாலிருந்து யானைகளால் குறிவைக்கிறார். சுக்கர்டோர்ட் வேறு வழியில்லாமல் தாக்குதலுக்குக் கிளம்புகிறார், அது பலிக்காமல் ஆட்டம் 38 நகர்வில் முடிகிறது. தாக்குதலுக்குக் காரணம் வேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

நியூ ஆர்லியன்ஸில் நடந்த கடைசிப் பகுதியில் சுக்கர்டோர்ட் உடைந்துபோனார். அங்கே 11 ஆட்டத்தில் அவருக்கு ஒரே வெற்றிதான். மார்ச் 29-ஆம் தேதி இருபதாவது ஆட்டம் வெறும் 19 நகர்வில் முடிந்தது. அதில் ஸ்டெய்னிட்ஸ் ஆடியது தன் பெயரிலேயே விளங்கும் ஸ்டெய்னிட்ஸ் கேம்பிட். அதில் வெள்ளை ராஜா ஐந்தாறு நகர்வுக்குள் கோட்டை கட்டாமல் (யானையின் துணையோடு ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளாமல்) நடுப்பலகைக்கு நடந்து வந்துவிடும். ராஜா பயந்து ஒளியவேண்டிய காய் இல்லை, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பலமான காய் என்பது அவருடைய நம்பிக்கை. அது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கைதான். ஆனால் உலகப் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் அதையே ஆடினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. மொத்தக் கணக்கு: 10 வெற்றி, 5 தோல்வி, 5 டிரா.

அவர் 1866-லிருந்தே சாம்பியனா, 1886-லிருந்தா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. ஆண்டர்சனை வென்றபோதே ஆனார் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து 1886 என்பதுதான். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு ஆடியது அப்போதுதான். அங்கே தொடங்கும் வரிசையில்தான் நம் ஆனந்த் 15-ஆவதாகவும், 2024-இல் சிங்கப்பூரில் வென்ற குகேஷ் 18-ஆவதாகவும் வருகிறார்கள். 18 வயதில் வென்ற குகேஷ் அந்த வரிசையிலேயே இளையவர். 58 வயதுவரை பட்டத்தை வைத்திருந்த ஸ்டெய்னிட்ஸ் மூத்தவர்.

தோற்ற சுக்கர்டோர்ட் அதன்பிறகு எழுந்திருக்கவில்லை. 1888 ஜூனில் லண்டனில் காலமானார், வயது 45. அதே வருஷம் ஸ்டெய்னிட்ஸின் ஒரே மகள் ஃப்ளோரா 21 வயதில் இறந்துபோனாள். அப்பாவுக்கு உறுதுணையாக இருந்த பெண். 1892-இல் மனைவி கரோலினும் போய்விட்டார். இந்த இழப்புகளுக்கு நடுவில்தான் அவருடைய அடுத்த பட்டப் போட்டிகள் நடந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டத்தைப் பூட்டி வைத்துக்கொண்டவர் இல்லை அவர். ஹவானா செஸ் கிளப் பணம் போட்டு மேட்ச் நடத்த முன்வந்து, எதிராளி யார் வேண்டும் என்று கேட்டபோது, தன்னை அதிகம் தோற்கடித்திருந்த ரஷ்யரான சிகோரினைத் தேர்ந்தெடுத்தார். சிகோரின் தாக்குதல் ஆட்டத்தின் வாரிசு, ஸ்டெய்னிட்ஸின் பொதுவிதிகளை ஏற்காதவர். 1889-இல் 17 ஆட்டத்தில் 10 வெற்றி, 6 தோல்வி, ஒரே ஒரு டிரா என்று ஸ்டெய்னிட்ஸ் வென்றார். அடுத்து 1890-91-இல் நியூயார்க்கில் குன்ஸ்பெர்க்கை 6-4, 9 டிரா என்று வென்றார்.

சிகோரினோடு தந்தி மூலமும் இரண்டு ஆட்டம் ஆடினார், இரண்டிலும் தோற்றார். அவருடைய பலவீனத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடம் இதுதான். தத்துவம் சரியாக இருந்தால் எவ்வளவு அடைபட்ட நிலையையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார். எவன்ஸ் கேம்பிட்டுக்கு எதிராக ராணியை ஆறாவது நகர்விலேயே வெளியே கொண்டுவந்து, பிறகு அது துரத்தப்பட, காய்கள் எல்லாம் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும். அதையே திரும்பத் திரும்ப ஆடினார், திரும்பத் திரும்ப அடிவாங்கினார். கேள்வியில் சொன்ன விநோதமான ஆட்டங்கள் இவைதான். எதிராளி உண்மையிலேயே மேன்மையைப் பெற்றுவிட்டால் அவனுடைய தாக்குதல் நியாயமானது என்பது அவருடைய சொந்த விதி. தனக்கு எதிராக அந்த விதி வேலை செய்யும்போது அதைப் பார்க்க மறுத்தார். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் கைவிட மாட்டேன் என்ற பிடிவாதம் இல்லாதவரால் அவர் கண்டுபிடித்தவற்றைக் கண்டுபிடித்திருக்கவும் முடியாது.

1892-இல் மறுபடியும் ஹவானா, மறுபடியும் சிகோரின். இந்த முறை நூலிழை. 22 ஆட்டம் முடிந்தபோது ஸ்டெய்னிட்ஸ் 9, சிகோரின் 8. இருபத்துமூன்றாவது ஆட்டத்தில் சிகோரின் ஒரு காய் அதிகம் வைத்துக்கொண்டு வெல்லும் நிலையில் இருந்தார். வென்றால் 9-9. தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது ஒரு பிஷப். 32-ஆவது நகர்வில் சிகோரின் அந்த பிஷப்பையே எடுத்து வேறிடத்தில் வைத்தார். இரண்டே நகர்வில் மேட். பட்டப் போட்டிகளின் வரலாற்றில் இவ்வளவு விலை கொடுத்த பிழை வேறு இல்லை என்று சொல்வேன். 10-8, 5 டிரா என்று ஸ்டெய்னிட்ஸ் பட்டத்தைத் தக்கவைத்தார்.

1894-இல் இமானுவேல் லாஸ்கர் வந்தார். வயது 25. ஸ்டெய்னிட்ஸுக்கு 58 ஆகப்போகிறது, கால் வேறு சரியில்லை. ஆறு ஆட்டம் வரை 2-2 என்று சமமாகப் போன மேட்சில், ஏழாவது முதல் பதினோராவது வரை ஐந்தையும் லாஸ்கர் வென்றார். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, மான்ட்ரியல் என்று மூன்று ஊர்களில் நடந்த மேட்ச் 10-5, 4 டிரா என்று முடிந்தது. லாஸ்கர் ஜெயித்ததில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்டெய்னிட்ஸ் எழுதியதையெல்லாம் ஆழமாகப் படித்தவர் அவர். பிற்காலத்தில் தன் புத்தகத்தில் ஸ்டெய்னிட்ஸின் கொள்கையை முறைப்படுத்தி, அவரே எழுதியதைவிடத் தெளிவாக, நீண்ட விளக்கம் எழுதினார். இன்று ஸ்டெய்னிட்ஸின் கோட்பாடு என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி லாஸ்கர் எழுதியதன் வழியாக வந்ததுதான்.

பட்டம் போனாலும் ஆட்டம் போகவில்லை. 1895 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் பில்ஸ்பரி, சிகோரின், லாஸ்கர், டார்ராஷ் ஆகியோருக்குப் பின்னால் ஐந்தாமிடம். 59 வயதுக்காரருக்கு அது போதுமான மரியாதை. ஆனால் அந்தப் போட்டியில் அவர் பார்டெலெபென்னை வென்ற ஆட்டத்துக்கு ஈடு இணை இல்லை. கருப்பு ராஜா கோட்டை கட்ட முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துக் குதிரைக்கு இடம் திறந்தார். பிறகு ஏழாவது வரிசையில் யானையை இறக்கிச் செக் வைத்தார். ராஜாவால் அதை எடுக்கவும் முடியாது, ராணியாலும் முடியாது. அதே யானை நகர்வுக்கு நகர்வு செக் வைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டங்களுக்குப் போகிறது. 25-ஆவது நகர்வுக்குப் பிறகு பார்டெலெபென் எதுவும் சொல்லாமல் அரங்கத்தைவிட்டு வெளியே போய்விட்டார், அவர் கடிகாரம் ஓடியே தீர்ந்தது. சுற்றி நின்றவர்களுக்கு ஸ்டெய்னிட்ஸ் பத்து நகர்வில் வரும் மேட்டைப் பலகையில் ஆடிக்காட்டினார். அழகான ஆட்டத்துக்கான பரிசும் கிடைத்தது. மந்தமான ஆட்டக்காரர் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். 1862-இல் அவர் தாக்கியதற்கும் இங்கே தாக்கியதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே தாக்குதலுக்கு முன்னால் காரணம் இருக்கிறது.

1895-96 செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியில் லாஸ்கருக்கு அடுத்து இரண்டாமிடம், பில்ஸ்பரிக்கும் சிகோரினுக்கும் மேலே. அதன்பிறகு சரிவுதான். 1896-97 குளிர்காலத்தில் மாஸ்கோவில் லாஸ்கரோடு மறு மேட்ச்; 10-2 என்று தோல்வி, 5 டிரா. மேட்ச் முடிந்த கொஞ்ச நாளில் மனநிலை பாதிக்கப்பட்டு, அங்கேயே ஒரு மருத்துவமனையில் சுமார் 40 நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்து மறுபடி ஆடினார். 1898-இல் வியன்னாவில் நான்காமிடம்கூட வந்தார். 1899 லண்டன் போட்டியில்தான் முதல் முறையாகப் பரிசு வரிசைக்கு வெளியே போனார். 1900 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நியூயார்க்கின் வார்ட்ஸ் தீவு மனநல மருத்துவமனையில் இறந்தார். இரண்டாவது மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள்.

கடவுளோடு தொலைபேசியில் பேசினார், கடவுளுக்கே ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து ஆடினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. மற்றவர்கள் கட்டிவிட்டது அது. நோயில் வீழ்ந்த ஒரு மனிதரை வைத்துச் சிரிக்கச் சொல்லப்படும் கதை, தயவுசெய்து அதைப் பரப்ப வேண்டாம். அவர் ஏழையாகச் செத்ததற்கும் மனநோயைக் காரணமாகச் சொல்கிறார்கள். அதைவிட அன்றைய தொழிலின் நிலைமைதான் காரணம். லண்டனில் காபிக் கடையில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஷில்லிங் என்று ஆடிச் சாப்பிட்டவர்கள்தான் அன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள். உலகச் சாம்பியனுக்கும் ஓய்வூதியம் கிடையாது, சங்கம் கிடையாது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே வந்ததே 1924-இல்தான்.

மார்ஃபி பெரியவரா இவர் பெரியவரா என்பதற்கும் ஒரு வார்த்தை. இயல்பான திறமையில் மார்ஃபிக்கு ஈடு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய்களை வேகமாக வெளியே கொண்டுவருவதும், நடுப்பகுதியைத் திறப்பதும் அவருக்குத் தானாகவே வந்தன. ஆனால் ஏன் அப்படி ஆடினேன் என்று அவர் எழுதி வைத்தது மிகக் குறைவு, ஆடியதும் சில வருஷங்கள்தான். அடைபட்ட நிலைகளில் என்ன செய்வது, சிப்பாய் அமைப்பை எப்படிப் படிப்பது என்பதற்கு மார்ஃபியின் ஆட்டங்களில் பதில் குறைவு. ஸ்டெய்னிட்ஸிடம் அதற்கான பதில்கள் இருக்கின்றன, தவறான பதில்களும் சேர்த்து.

நீங்கள் மறுபடியும் பலகையில் போட்டுப் பார்ப்பதாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: 1862-இல் மோங்ரெடியன், 1873-இல் ரோசந்தால், 1886-இன் ஒன்பதாவது ஆட்டம், 1895-இல் பார்டெலெபென். அப்புறம் 1889 மேட்சில் சிகோரின் எவன்ஸ் கேம்பிட் ஆடிய ஆட்டங்களுக்கு வாருங்கள். கம்ப்யூட்டரைப் போடாமல் முதலில் நீங்களே யோசியுங்கள். கருப்புக் காய்கள் எல்லாம் முடங்கிக் கிடக்கும் நிலை வந்ததும் நிறுத்தி, ஸ்டெய்னிட்ஸ் ஏன் இதைத் தாங்கலாம் என்று நினைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் அவர் நினைத்தது சரி என்று தெரியும். மற்ற இடங்களில் சிகோரின் பக்கம் நின்று அந்த நிலையை ஜெயித்துக்காட்டப் பாருங்கள், தாக்குதல் எப்போது நியாயமானது என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் பிடிபடும்.